எஸ்டேட் என்பது தோட்டமல்ல

அப்பா இறந்து நாற்பது நாள் கழித்து வந்த ஒரு கடிதத்தில்தான் அவருக்கு ஓர் எஸ்டேட் இருந்த விஷயமே எங்களுக்குத் தெரிய வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம். மேலே தடித்த எழுத்தில் 'தி எஸ்டேட் ஆஃப்' என்று போட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயர், அடையாள அட்டை எண், கடைசியில் 'டிசீஸ்ட்'. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வாய்விட்டு வாசித்தபோது அந்த ஒரு சொல் மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது.

"எந்த எஸ்டேட்டுன்னு கேக்குறாங்களாய்யா? பழைய எஸ்டேட்டச் சொல்லு. அங்கதான அப்பாவுக்குப் பேர் பதிஞ்சது."

"அது இல்லம்மா. அப்பாவோட எஸ்டேட்டுன்னு போட்டிருக்கு."

"அப்பாவுக்கு ஏதுடா எஸ்டேட்டு?"

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் அவருடைய அம்மாவோடு மங்கு துடைக்கப் போய், ஐம்பத்து மூன்று வயதுவரை பால் வெட்டிய மனிதர். அவருடைய எஸ்டேட் என்று அந்தக் கடிதம் சொன்னது: வங்கியில் கொஞ்சம் பணம், ஒரு பழைய ஹோண்டா கப்சாய், சேமநிதியில் எடுத்ததுபோக மிச்சம். அவ்வளவுதான்.

இதைப் பிறகு ஒரு சிறுகதையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் மூத்தவர், தமிழ்ப் பற்றாளர். கதை பிரசுரமானது. ஆனால் 'எஸ்டேட்' என்று நான் எழுதிய எல்லா இடத்திலும் அது 'தோட்டம்' என்று திருத்தப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் வழக்கறிஞர் கடிதத்திலும் மாறியிருந்தது. 'காலஞ்சென்ற இன்னாரின் தோட்டம்.' செத்தபிறகு என் அப்பாவுக்கு ஒரு தோட்டம் கிடைத்துவிட்டது. தமிழ்த்தொண்டின் புண்ணியம்.

இந்தக் கட்டுரை அந்த ஆசிரியரைத் திட்டுவதற்காக எழுதப்படவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் அவர் தனி ஆளாகச் செய்த தவறு அல்ல இது. நம் இலக்கியமே ஐம்பது அறுபது வருடமாக இந்த 'மாற்று எல்லாவற்றையும்' பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது என்பது என் கட்சி. எஸ்டேட்டைத் தோட்டம் என்று எழுதப் பழகியதில், அந்தச் சொல்லுக்குள் இருந்த சொத்து விவகாரம் முழுவதையும் நாம் கைநழுவ விட்டுவிட்டோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்டாட்டுஸ்', அதாவது நிலை. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ட' என்று உச்சரிக்க நாக்கு வளையவில்லை. முன்னால் ஒரு 'எ' சேர்த்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேசன்' என்றும் சொன்னார்களே, அதே வேலைதான். எஸ்டேட் தமிழ் என்று நம்மை நக்கலடிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எஸ்டேட் என்ற சொல்லே ஓர் 'இஸ்கூல்'. அந்த 'எ' உதிர்ந்துபோன வடிவம்தான் 'ஸ்டேட்', அரசு. லத்தீனிலிருந்து நேராக எடுத்தது 'ஸ்டேட்டஸ்', அந்தஸ்து. ஒரே சொல், மூன்று சட்டை.

தமிழும் இதே வழியில் போயிருக்கிறது. நில் என்பதிலிருந்து நிலை. நிலம் என்பதும் அதே வேரில் முளைத்தது என்று சொல்வோர் உண்டு. பாக்கி என்ற பொருளில் வரும் நிலுவையும் நின்றுபோனதுதான். வடமொழிப் பக்கம் 'ஸ்தா'வும் லத்தீனின் 'ஸ்டாரே'யும் ஒரே வேர். அதில் பிறந்த 'ஆஸ்தான'த்தை மலாய்க்காரர்கள் 'இஸ்தானா' ஆக்கி அரண்மனைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, எஸ்டேட்டும் இஸ்தானாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. ஒருவன் நல்லா இருக்கான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் ஒருவனுடைய நிலைமையைக் குறித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் திருமண வழிபாட்டில் கல்யாணமே ஓர் எஸ்டேட்தான்; வாழ்க்கையில் ஒருவன் நிற்கும் இடம். நிலைமை என்பது மெல்ல அந்தஸ்து ஆயிற்று. அந்தஸ்துக்கு முட்டுக்கொடுக்கும் சொத்து அடுத்ததாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் பெரிய நிலம். எஸ்டேட் உள்ள மனிதன் என்றால் அங்கே பெரிய மனிதன். வார இறுதியில் சாமான்களையும் நாயையும் ஏற்றிக்கொண்டு கிராமத்துப் பங்களாவுக்குப் போக ஒரு நீளமான காரைச் செய்து அதற்கும் எஸ்டேட் என்று பெயர் வைத்தார்கள்.

அதே சொல் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததும் குட்டிக்கரணம் அடித்தது. இங்கே 'எஸ்டேட் ஆளு' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பட்டணத்துப் பள்ளிக்கு இடைநிலைப் படிப்புக்குப் போன முதல் வாரத்தில் என்னிடம் ஒரு தமிழ்ப் பையன் கேட்டான், "நீ எஸ்டேட்டா?" அவன் கேட்ட தொனியில் 'ஸ்டேட்டஸ்' இல்லை. (இலங்கையில் இதற்கு 'தோட்டக்காட்டான்' என்று தனி வசவே உண்டு. அங்கே தமிழாக்கியும் வசவு வசவாகவே இருந்தது.) உலகத்தில் வேறெங்காவது உயர்குடியைக் குறித்த சொல் இப்படி நேரெதிராகக் கீழே விழுந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். எளிதில் நினைவுக்கு வரவில்லை.

எஸ்டேட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சமூக அடுக்கு. பழைய பிரான்ஸில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மற்ற எல்லோரும் மூன்றாவது. 1789இல் மூன்றாம் எஸ்டேட் என்றால் யார் என்று கேட்டு சியேஸ் என்ற பாதிரியார் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். வேலை முழுவதும் செய்கிறவர்கள், இடம் என்று எதுவும் இல்லாதவர்கள் என்பது அதன் சாரம். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பத்திரிகையை நான்காம் எஸ்டேட் என்று சொன்னது இந்த வரிசையை வைத்துத்தான். கார்லைல் அந்தச் சொல்லை பர்க்கின் பேரில் ஏற்றிவிட்டார். அதையும் தமிழில் 'நான்காவது தூண்' ஆக்கிவிட்டோம். எஸ்டேட் என்பது ஒரு வர்க்கம், தன் நலனுக்காகப் பேரம் பேசுகிற கூட்டம். தூண் என்பது மேலே இருப்பதைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்பது. நம் பத்திரிகைகளைப் பார்த்தால் மொழிபெயர்ப்பு சரியோ என்றுகூடத் தோன்றுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் என்ற சொல்லின் கூர்மையான பொருள் ஆங்கிலேயச் சட்டத்தில் இருக்கிறது. நாம் எல்லோரும் அது ஒரு நிலப்பரப்பு என்று நினைக்கிறோம். சட்டத்தில் எஸ்டேட் என்பது நிலமே அல்ல. அந்நாட்டின் பழைய கணக்குப்படி நிலம் முழுவதும் மன்னனுடையது. மற்றவர்கள் யாரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. அந்த நிலத்தில் எவ்வளவு காலம், என்ன உரிமையோடு நிற்கலாம் என்பதற்குத்தான் சொந்தக்காரர்கள். அந்த நிற்கும் உரிமையின் பெயர்தான் எஸ்டேட். தலைமுறை தலைமுறையாக நிற்கலாம் என்றால் ஒரு வகை, ஆயுள் உள்ளவரை என்றால் இன்னொரு வகை, இத்தனை வருடம் என்றால் குத்தகை. 'ரியல் எஸ்டேட்'டில் உள்ள 'ரியல்' ராஜாவைக் குறிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நம்பாதீர்கள். லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள். பணமாக நஷ்டஈடு வேண்டாம், அந்தப் பொருளே திரும்ப வேண்டும் என்று வழக்குப் போட முடிகிற சொத்து, ரியல்.

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இங்கிலாந்தின் பழைய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் பதிவு முறை இது. கெரானில் யார் பெயரோ அவனுக்கே நிலம். ஆனாலும் அடித்தளம் பழையதுதான். யாருக்கும் கொடுக்கப்படாத நிலம் எல்லாம் மாநில அரசுக்கு. ஸ்டேட் கொடுக்கிறது, எஸ்டேட் வாங்குகிறது. இரண்டும் ஒரே சொல் என்று மேலே பார்த்தோம். இந்தக் குடும்ப விவகாரத்துக்குள் மூன்றாவதாக ஒருவன் விடிகாலை ஐந்தரைக்குப் பிரட்டுக் களத்தில் கையில் உளியோடு நின்றானே, அவன் எந்த உரிமையில் நின்றான்?

அவனுக்கு வேலை இருக்கும்வரை லயத்தில் இருக்கலாம். வேலை போனால் வீடும் போகும். அது வாடகைகூட இல்லை. வாடகைக்கு இருப்பவனுக்காவது நோட்டீஸ், தவணை என்று சில பிடிமானங்கள் உண்டு. இவனுக்கு இருந்தது அனுமதி. நாற்பது வருடம், மூன்று தலைமுறை, ஐந்து பிரசவம், ஏழு சாவு நடந்த வீட்டில் இருப்பதற்கு அனுமதி. நிற்கும் உரிமையைக் குறிக்கும் ஒரு சொல்லின் பெயரால் அழைக்கப்பட்ட இடத்தில், நிற்கும் உரிமை இல்லாத ஒரே கூட்டம் நாம்தான். கங்காணிக்குள் ஒரு 'காணி' இருக்கிறது. நமக்குக் கிடைத்த காணி அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊரில் காணி வைத்திருந்தவன் பெரும்பாலும் பால் வெட்டக் கப்பல் ஏறவில்லை. வந்தவர்களில் மிகப் பலர் அங்கேயும் மிராசுதாரன் நிலத்தில், அவன் விட்ட இடத்தில் குடிசை போட்டு இருந்தவர்கள். சாதி அங்கே செய்ததை இங்கே கம்பெனி செய்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை என்பதால்தானோ என்னவோ, நிலம் நமக்கும் சேர வேண்டியது என்ற எண்ணமே நம் ஆட்களுக்கு வர இவ்வளவு நாளாயிற்று.

'தோட்டம்' என்ற சொல்மீது என் கோபம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேறுவழியில்லாமல் நம் தாத்தாமார் வைத்த பெயர் அது, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டம் என்றதும் மனதில் என்ன வருகிறது? கொல்லைப்புறம், வாழை, கறிவேப்பிலை. யாரோ ஆசையாக நட்டு வளர்த்தது. ஆயிரம் ஏக்கரில் ஒரே மரம், ஒரே வரிசை, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மங்கு, ஒவ்வொரு ஆளுக்கும் செக்ரோலில் ஒரு எண். இதற்குத் தோட்டம் என்று பெயர் வைத்தால் மொழியே சமாதானம் பேசுகிறது. மலாய்க்காரர்கள் இந்த விஷயத்தில் உஷாரானவர்கள். எஸ்டேட்டின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பால்மரம் உள்ளது லாடாங். செத்தவன் விட்டுப்போனது ஹர்த்தா பூசாக்கா. விற்பனைக்கு உள்ளது ஹர்த்தானா. வீடமைப்புப் பகுதி தாமான். சிங்கப்பூர்த் தமிழில் வீடமைப்பு எஸ்டேட்டைப் 'பேட்டை' என்கிறார்கள்; கிண்டியில் தொழிற்பேட்டை என்று வைத்ததைப் போல. நல்ல சொல். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே தோட்டத்துக்குள் தள்ளி வேலி போட்டுவிட்டோம்.

தாமான் என்றாலும் பூந்தோட்டம் என்றுதான் பொருள். லாடாங்கை அழித்துவிட்டு அங்கே கட்டும் வீடுகளுக்குத் தோட்டம் என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு இன்னொரு தோட்டத்துக்குள் நுழையப் பணம் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் அடுக்குமாடியில் தொங்குகிறவர்கள் நாம்.

பெட்டாலிங் ஜெயா 1950களில் எழுந்தது எஃபிங்ஹாம் எஸ்டேட்டின் நிலத்தில். சுபாங் ஜெயா இருப்பது சீஃபீல்டு எஸ்டேட் இருந்த இடத்தில். மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது. மிச்சம் இருப்பது தமிழ்ப்பள்ளி. கூகல் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: பேரங்காடிகளுக்கும் கொண்டோக்களுக்கும் நடுவில் 'லாடாங் சீஃபீல்டு' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம். எஸ்டேட் இல்லாத ஊரில் எஸ்டேட்டின் பெயரைத் தூக்கிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளைகள் சட்டைப்பையில் பேட்ஜ் குத்திக்கொண்டு போகிறார்கள். கோயில்களின் கதை இன்னும் மோசம். தொழிலாளி கட்டிய கோயிலுக்குக் கெரான் கிடையாது. நிலம் கைமாறிய மறுநாள் நூறு வருடத்து மாரியம்மன் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறாள்.

ஆனால் என்னை எப்போதும் தூங்கவிடாத எஸ்டேட் வேறொன்று. பிராங் பெசார். 1921இல், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படை அதிகாரிகள் திறந்தது. அதனால்தான் அந்தப் பெயர். மலாயில் பெரிய போர் என்று அர்த்தம். போர் முடிந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 'நீ நாட்டுக்காக உழைத்தாய், இந்தா, நிற்க ஒரு இடம்' என்று ஓர் எஸ்டேட் கிடைத்திருக்கிறது. அந்தக் காட்டை வெட்டி, நட்டு, எழுபது வருடத்துக்கும் மேல் பால் எடுத்தவர்கள் நம் ஆட்கள். 1990களில் அங்கே புத்ராஜெயா வந்தது. பிராங் பெசாரோடு காலோவே, மெடிங்லி, செட்ஜிலி ஆகிய தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுவர் விரிசல் விட்டது, தரைவீடு வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லாராய்ச்சியாகப் பார்த்தால் எவ்வளவு கச்சிதம். எஸ்டேட் என்ற சொல் தன் 'எ'யை உதிர்த்து ஸ்டேட் ஆயிற்று என்றேன் அல்லவா? இங்கே அது மண்ணிலேயே நடந்திருக்கிறது. எஸ்டேட் இருந்த இடத்தில் ஸ்டேட் உட்கார்ந்திருக்கிறது, ஒட்டுமொத்த அரசாங்கமும். உதிர்ந்தது நம் ஆட்கள்.

இதற்கு முன்னால் ஒரு வாய்ப்பு இருந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் மாறும். உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து 1962இல் அறிக்கை கொடுத்தார். அந்தத் துண்டுகள் ஏன் அங்கேயே குடியிருந்த தொழிலாளி கைக்குப் போகவில்லை? கையில் பணம் இல்லை, கடன் கொடுப்பார் இல்லை, பலருக்குக் குடியுரிமையே இல்லை. எஸ்டேட்டின் இரட்டைப் பிறவி ஸ்டேட்டஸ் என்றேனே, அது வந்து காலை வாரியது இங்கேதான். எஸ்டேட்டிலேயே பிறந்து சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவனுக்கு 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் வேலை செய்யவே வழியில்லை. மே 13க்குப் பிறகு அது இறுக்கமாக அமலானபோது ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தேயிராத 'ஊருக்கு'க் கப்பலேறினார்கள்.

துண்டாடலைக் கட்டுப்படுத்த பிறகு சட்டம் வந்தது. இன்றும் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, எஸ்டேட் நிலம் என்றால் 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம் என்று வரையறுத்து, அதைப் பலருக்குப் பிரித்து விற்கத் தனி வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. நல்லது. எஸ்டேட் என்றால் என்ன என்று இந்த நாட்டின் சட்டத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது: 40 ஹெக்டேர். அதில் மனிதன் வரவில்லை.

துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. மாதம் பத்து வெள்ளி கட்டி, பால் வெட்டுகிறவன் எஸ்டேட்டில் பங்குதாரன் ஆனான். பங்கு என்பது கெரான் அல்ல, பங்குதாரனும் காலையில் பிரட்டுக்குப் போகத்தான் வேண்டும், எல்லாம் சரி. ஆனாலும் அந்தச் சொல்லின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக நம் ஆட்கள் கட்டிய ஒரே பெரிய பாலம் அது. அந்தப் பத்து வெள்ளியைப் பற்றி நாம் எத்தனை கதை எழுதியிருக்கிறோம்? சம்பளத்திலிருந்து அது போனதும் வீட்டில் நடந்த சண்டை எந்த நாவலில் இருக்கிறது?

நான் படித்த நூற்றுக்கணக்கான தோட்டக் கதைகளில் என்ன இருந்தது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மழை இருந்தது. பனி இருந்தது. காண்டா வாளி, ஆயாக்கொட்டகை, தீமிதி, சம்சு, துரை, கிராணியின் காமம், கங்காணியின் பிரம்பு எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் லாரியில் சாமான் ஏற்றினார்கள், கிழவர் ஒருவர் மரத்தைத் தடவிப் பார்த்து அழுதார். சிலவற்றில் நானும் அழுதேன். கெரான் எந்தக் கதையிலும் இல்லை. நில அலுவலகம் இல்லை. நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. ஏக்கர் என்ன விலைக்குப் போயிற்று என்று எந்தக் கதாசிரியரும் விசாரிக்கவில்லை. நாம் அடக்குமுறையை எழுதினோம், துக்கத்தை எழுதினோம். உரிமையை எழுத மறந்தோம். கொடுமைக்காரக் கங்காணி ஒருவன் இருந்தால் போதும், நில உடைமை என்ற பெரிய விவகாரம் கதையிலிருந்து பின்வாசல் வழியாகப் போய்விடும். விதிவிலக்குகள் உண்டு, சீ. முத்துசாமியைப் படித்தவர்கள் என்மீது பாயலாம். அவரிடம் இந்த ஏக்கப் பொங்கல் கிடையாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பேசுவது பரிசுப் போட்டிகளுக்கு வருடாவருடம் வந்து குவியும் கதைகளைப் பற்றி.

இதற்கு எதிர்முகாமில் என் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். "எஸ்டேட் கதையெல்லாம் போதும் ப்ரோ, நகரத்தை எழுதுவோம்." இவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. எந்த நகரம்? பி.பி.ஆர். பன்னிரண்டாம் மாடியில் லிப்ட் பழுதாகி நிற்கும்போது அங்கே நிற்பவன் யார் என்று கேட்டால் பாதிப்பேர் தாத்தாவின் டிவிஷன் பெயரைச் சொல்வார்கள். எஸ்டேட் ஒரு இடமாக இருந்திருந்தால் அது முடிந்துபோயிருக்கும். அது நிலத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள ஒரு பந்தம். அல்லது பந்தம் இல்லாத நிலை. வாடகை வீட்டில் நான்காவது முறை பெட்டி கட்டுகிற தம்பி எஸ்டேட் கதைக்குள்தான் இருக்கிறான், அவன் பால்மரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாலும்.

ஆகவே 'எஸ்டேட்' என்று எழுதுங்கள் என்கிறேன். தமிழைக் கெடுக்கும் ஆசை எனக்கு இல்லை. இரவல் சொல் என்று தெரிந்தே, அதன் உறுத்தலோடு எழுதுங்கள். அந்நியமான சொல் நம் வாயில் நூறு வருடம் கிடந்தும் அந்நியமாகவே இருந்தது என்றால், அதில் ஒரு உண்மை இருக்கிறது. தோட்டம் என்ற சொல் நமக்குச் சொந்தமானது. அந்த இடம் நமக்குச் சொந்தமாக இல்லை. இந்தப் பொருத்தமின்மையை மூடிவைக்க வேண்டாம்.

அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் இன்றும் 'எங்க எஸ்டேட்டு' என்றுதான் சொல்வார். இந்த 'எங்க'வை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 'நம்ம' இல்லை, 'எங்க'. கேட்கிறவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது. கெரான், பதிவு, முத்திரைத்தாள் எதுவும் இல்லாமல் தமிழில் ஒரு சொல்லால் மட்டுமே வைத்திருந்த உடைமை. இதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் என் கட்டுரையில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதும் இந்தச் சொல்லால்தான்.

வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த பெண் படிவத்தை வரிசையாகக் கேட்டு நிரப்பினார். அசையும் சொத்து: வங்கிக் கணக்கு, மோட்டார். அசையாச் சொத்து? நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெண் காத்திருக்காமல் 'தியாடா' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். இறந்தவர் பிறந்த இடம்? அம்மா எஸ்டேட்டின் பெயரைச் சொன்னார். கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் வரவில்லை. அந்தப் பெண் இரண்டு மூன்று முறை எழுத்துகளை மாற்றித் தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு இடம் காட்டவில்லையே, வேறு ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டார். நான் இப்போது அங்கே உள்ள தாமானின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நாலாம் டிவிஷன்னு சேத்துப் போடச் சொல்லுய்யா. அப்பதான் தெரியும்."